தென்னமரம் போகும் வழியில்

கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே சுங்கை பூலோவைத் தாண்டி, ஈஜோக் என்னும் சிற்றூரை நோக்கிச் செல்கிற பழைய சாலையில் காலை நேரத்தில் பிரயாணம் செய்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது செம்பனை. அதைக் கடந்தால் மறுபடியும் செம்பனை. நடுநடுவே புதிதாக எழும்பிய குடியிருப்புகள், ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு மசூதி, மரத்தடியில் சூலம் நட்ட ஒரு முனீஸ்வரர் மேடை, பிறகு திரும்பவும் அதே செம்பனை. என்னை அழைத்துச் சென்ற நண்பர் இந்தப் பிரதேசத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பின்னர் கிள்ளானில் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தச் சாலையின் இருபுறமும் தம் பாலியத்தில் ரப்பர் மரங்களே நின்றன என்றும், அவற்றைத் தோட்டத்து ஜனங்கள் ஒருநாளும் ரப்பர் என்று சொன்னதில்லை, பால்மரம் என்றே சொன்னார்கள் என்றும் அவர் கூறினார். பால்மரக் காட்டில் வெயில் தரையில் காசு காசாகச் சிதறிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் காடு முழுவதும் செம்பு நிறமாகிவிடும். காய்கள் வெயிலில் பட்டென்று வெடித்து விதைகளை எறியும். அவற்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் நிரப்பிக்கொள்வதற்காகவே பிள்ளைகள் பள்ளிக்குச் சுற்றுவழியில் போவார்கள். அவர் பேசப் பேச, சாலையோரத்தில் வரிசை பிசகாமல் நின்ற செம்பனைகளுக்குப் பின்னால் இன்னொரு காடு மெல்ல எழுவதுபோல எனக்குத் தோன்றியது.

என் கைப்பையில் ஒரு சித்திரத்தின் அச்சுப் பிரதி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், வர்ஜீனியா மாகாணத்து ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் அதன் மூலத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, வெளியே வருகையில் வாங்கியது. ஹென்றி ஒஸாவா டானர் என்ற கறுப்பின ஓவியர் 1893-ஆம் ஆண்டில் எழுதிய 'பாஞ்சோப் பாடம்' என்னும் படம் அது. சுமார் நான்கு அடி உயரமும் மூன்று அடி அகலமும் உள்ள அந்தத் துணியில், ஏழைக் குடிசையொன்றின் நடுவே நாற்காலியில் ஒரு கிழவர் அமர்ந்திருக்கிறார். அவருடைய முழங்கால்களுக்கு இடையே ஒரு சிறுவன் நிற்கிறான். கஞ்சிராவின் வட்ட முகத்தில் வீணையின் கழுத்தைப் பொருத்தினாற் போன்ற பாஞ்சோ என்னும் வாத்தியத்தைப் பையன் தழுவிப் பிடித்திருக்க, பெரியவர் அவனுக்கு வாசிக்கக் கற்றுத் தருகிறார். தரையில் சமையற் பாத்திரங்கள். பின்னால் வெள்ளை விரிப்புப் போட்ட மேசைமேல் ஒரு குடுவை. இவ்வளவுதான் விஷயம். இருவரில் ஒருவராவது நம்மை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நாம் அங்கே நிற்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பாடம் முடிகிறவரை அவர்கள் தலை நிமிரப் போவதில்லை.

இந்தப் படத்தைச் சிலாங்கூருக்கு ஏன் கொண்டுவந்தேன் என்பதற்கு அப்போது என்னிடம் தெளிவான பதில் இல்லை. தோட்டத்துத் தமிழரைப் பற்றி வாசித்த ஒவ்வொரு தடவையும் இந்தக் குடிசை என் மனத்தில் வந்து நின்றது என்பது மட்டும் நிச்சயம்.

ஈஜோக்கிலிருந்து வடக்கே திரும்பினால் பத்தாங் பெர்ஜுந்தை. அதற்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் வயதானவர்களின் வாயில் பழைய பெயரே புரள்கிறது. அதை ஒட்டித்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. சாலையோரப் பலகையில் ரோமன் லிபியில் எழுதியிருந்த அந்தப் பெயரை வாசித்தபோது என் உள்ளத்தில் உண்டான சந்தோஷத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மலேசியாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இங்கேதான் நடப்பட்டது. இன்று உலகச் சந்தையில் இந்நாட்டுக்கு இத்தனை பெயரையும் பொருளையும் தேடித் தந்திருக்கிற ஒரு பெருந்தொழிலின் தொட்டிலுக்குத் தென்னைமரத்தின் பெயர், அதுவும் ஏட்டில் எழுதுகிறபடி அல்லாமல் நம் குடியானவன் உச்சரிக்கிறபடியே வாய்த்திருக்கிறது. அந்த நிலத்தைத் திருத்திய கைகள் யாருடையவை என்பதற்கு வேறு கல்வெட்டு வேண்டியதில்லை.

அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1879-இல் பிரான்ஸில் பார்பெஸியே என்ற ஊரில் பிறந்து, 1905-இல் கீழ்த்திசைக்குக் கப்பலேறி, தோட்டத் தொழிலோடு தமிழையும் மலாயையும் கற்றுக்கொண்டு, சிலாங்கூர் நதிக்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்ற இடத்தில் காட்டை வெட்டிக் குடியேறினார். முதலில் ரப்பர் பயிரிட்டவர், சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகளை அழகுக்காக ஊன்றிப் பார்த்து, பிறகு தென்னமரத்தில் பெருமளவில் நட்டார். அந்த மனிதருக்குள்ளே ஓர் இலக்கியகர்த்தாவும் இருந்தான். மலாயாவை விட்டுப் போய், ட்யூனிஸியாவில் ஒரு கடற்கரை ஊரில் குடியமர்ந்த பின்பு, தாம் பிரிந்து வந்த இந்த ஆற்றங்கரையை நினைந்து நினைந்து அவர் எழுதிய 'மலேஸி' என்னும் நாவல் 1930-இல் பிரான்ஸின் கோன்கூர்ப் பரிசைப் பெற்றது. அழகான புத்தகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. காட்டின் மணமும் மழையின் ஓசையும் அதில் பிரத்தியட்சமாக இருக்கின்றன. தமிழர்களும் அதில் வருகிறார்கள். ஆனால் அவர்கள் துரையின் வராந்தாவிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு தெரிவார்களோ அவ்வளவுதான் தெரிகிறார்கள். இது அந்த எழுத்தாளர் மீது நான் சுமத்தும் குற்றமன்று. அன்பு இருந்தாலும் வராந்தா வராந்தாதான். அங்கிருந்து பார்க்கிறவனுக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டின் கூரை தெரியும், புகை தெரியும், இரவில் அங்கே எரிகிற விளக்கும் தெரியும். அந்த விளக்கடியில் யார் யாருக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது தெரியாது.

இந்நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த இன்னொரு பிரெஞ்சுக்காரரான பியேர் பூல் எழுதிய க்வாய் நதிப் பாலத்து நாவலை உலகமே வாசித்தது, திரைப்படமாகவும் பார்த்தது. யுத்த காலத்தில் ஜப்பானியர் சயாமில் போட்ட அந்த மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் மடிந்த தமிழர்களின் கதையை உலகம் அதிலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. அதைச் சொல்ல ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுத வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது என் நண்பர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். அவர் குடும்பத்திலும் போனவர் ஒருவர் உண்டு, திரும்பவில்லை.

டானரின் சரித்திரத்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அவர் 1859-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தையார் கறுப்பின மக்களின் திருச்சபையில் போதகராக இருந்து பிற்காலத்தில் பிஷப்பானவர். தாயார் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் போரிட்ட ஒஸாவாடோமி என்ற ஊரின் பெயரைச் சுருக்கித் தந்தை மகனுக்கு நடுப்பெயராக வைத்தார் என்றால், அந்த வீட்டில் எந்தக் காற்று வீசியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பிலடெல்பியாவில் வளர்ந்த சிறுவன், ஒருநாள் பூங்காவில் ஓவியர் ஒருவர் படம் எழுதுவதைக் கண்டு, தானும் ஓவியனாவது என்று அன்றே தீர்மானித்தான். பென்ஸில்வேனியாக் கலைக்கழகத்தில் தாமஸ் ஈக்கின்ஸ் என்ற பேராசானிடம் பயின்றார். உடன் படித்த வெள்ளை மாணவர்கள் ஒரு நாள் இரவு அவரை அவருடைய சித்திரச் சட்டத்திலேயே கட்டி நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று, அந்நாளைய மாணவர் ஒருவரே பிற்காலத்தில் எழுதினார். அட்லாண்டாவில் புகைப்பட நிலையம் வைத்தார், அது நடக்கவில்லை. 1890-இல் சின்சினாட்டியில் படங்களைக் காட்சிக்கு வைத்தார், ஒன்றும் விலைபோகவில்லை, நண்பர்களான ஹார்ட்ஸெல் தம்பதிகளே அவற்றையெல்லாம் வாங்கிக்கொண்டு அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1891-இல் ரோமாபுரிக்கென்று கப்பலேறியவர் வழியில் பாரிஸில் இறங்கினார். அந்த நகரம் அவருடைய தோலின் நிறத்தைக் கேட்கவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்.

இங்கேதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் விசேஷமாகப் படுகிற செய்தி வருகிறது. கோடைக்காலங்களில் பாரிஸின் ஓவியர்கள் பிரிட்டனி என்னும் கடலோரப் பிரதேசத்துக்குப் போய், அந்த நாட்டுக் குடியானவர்களையும் மீனவர்களையும் எழுதுவது வழக்கம். டானரும் போனார். அங்கே ஒரு கிராமத்துப் பையன் துருத்திக் குழல் வாசிக்கக் கற்கிற காட்சியை எழுதினார். பிறகு விஷக்காய்ச்சல் கண்டு, உடல் நலிந்து, 1893-இல் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். திரும்பி வந்த அந்தச் சொற்பக் காலத்தில்தான், அயல்நாட்டுக் குடியானவனை எழுதப் பழகிய தூரிகையால் தம் சொந்த ஜனங்களின் குடிசைக்குள் புகுந்து 'பாஞ்சோப் பாட'த்தை எழுதினார். ஊரிலேயே இருந்திருந்தால் அந்தக் குடிசை அவர் கண்ணில் பட்டிருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிறருடைய ஏழ்மையிலும் ஓர் எழில் உண்டு என்று கற்ற பிற்பாடுதான், நம் வீட்டு அடுப்பின் வெளிச்சம் எந்த நிறம் என்று நமக்குத் தெரிகிறது போலும்.

பாஞ்சோ என்பது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் ஞாபகத்திலிருந்து அமெரிக்க மண்ணில் பிறந்த வாத்தியம். ஆனால் டானர் காலத்து மேடைகளில் வெள்ளையர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, அந்த வாத்தியத்தைத் தட்டி ஒரு ஜனசமூகத்தையே கோமாளியாக்கிக் காசு சம்பாதித்தார்கள். அச்சிட்ட படங்களிலும் அதுவே. தம் இனத்து வாழ்க்கையின் கம்பீரமான, உள்ளத்தை உருக்குகிற பக்கத்தைத் தீட்ட வேண்டும் என்ற ஆசையினாலேயே இந்த விஷயங்களை எடுத்ததாக டானர் தம்மைப் பற்றிய குறிப்பில் எழுதினார். அவர் யாரோடும் வாதாடவில்லை. அதே வாத்தியத்தை எடுத்து ஒரு கிழவரின் மடிக்கும் ஒரு பையனின் கைக்கும் நடுவே வைத்தார், அவ்வளவே. படம் 1894-ஆம் ஆண்டுப் பாரிஸ் சலோன் காட்சியில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் ராபர்ட் ஆக்டன் என்ற தர்மப்பிரபு அதை வாங்கி, விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1868-இல் தொடங்கப்பட்ட ஹாம்ப்டன் கல்விக்கூடத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கேயே இருக்கிறது.

நண்பகலுக்கு முன் நாங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே ஒரு மலிவு விலைக் குடியிருப்புக்குப் போனோம். நண்பருக்குத் தூரத்து உறவான தம்பதிகள் அங்கே இருக்கிறார்கள். பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது; அம்மாவுக்கு எழுபத்து நான்கு. இருவரும் பால்மரம் வெட்டி ஜீவனம் செய்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் இடிபட்ட பின்பு இந்த வீட்டுக்கு வந்தவர்கள். வாசலில் சிறு கோலம். அதன் பக்கத்தில் தொட்டியில் துளசி. சுவரில் பத்துமலை முருகன் படம் போட்ட நாட்காட்டி. "வாங்கய்யா, பசியாறிட்டீங்களா?" என்ற பெரியவருடைய வரவேற்பு என் செவியில் தேனாய் விழுந்தது. காலை உணவைப் பசியாறுதல் என்று சொல்லுகிற அழகு எங்கள் பக்கத்தில் அருகிவிட்டது. கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வரை இங்கே அது பத்திரமாயிருக்கிறது.

பேச்சு லயத்தைப் பற்றித் திரும்பிற்று. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, சோறு ஆக்கி, பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டு, இருட்டோடு பிரட்டுக் களத்தில் நின்று மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் பெயர் கொடுத்து, நிரைக்குப் போய், உளியால் பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை மாட்டி, வெயில் ஏறுவதற்குள் அடுத்தடுத்த மரத்துக்கு ஓடுவது. குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் தாராளமாக வடியும். சூரியன் உச்சிக்கு வந்தால் நின்றுவிடும். மழை பிடித்தால் அன்றைக்கு வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவது, மங்குப் பாலை வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுப் பால் கொட்டகைக்குச் சுமப்பது என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். சொல்லும்போது அவர் வலது கை தன்னையறியாமல் உளியைப் பிடித்து இழுப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது. அந்த அசைவை எழுத எனக்குத் தூரிகை இல்லையே என்று நான் உண்மையாகவே வருந்தினேன்.

அப்போதுதான் பையிலிருந்து படத்தை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். யார் எழுதியது, எந்த நாடு என்று கேட்கவில்லை. அவர் விரல் நேராகக் கிழவரின் இடக் கைக்குப் போயிற்று. "இவரு தந்தியைத் தொடலய்யா. கழுத்தைத் தாங்கிப் பிடிச்சிருக்காரு. கனம் தெரிஞ்சா பிள்ளைக்கு வாசிக்க ஓடாது" என்றார். பிறகு தம் தகப்பனார் தோட்டத்து மாரியம்மன் கோவில் வாசலில் தமக்கு உறுமி பழக்கியதைச் சொன்னார். ஏழு வயதுப் பையனின் தோளில் உறுமியை மாட்டிவிட்டு, அதன் அடியில் ஒரு கையைக் கொடுத்து, பாரம் முழுவதையும் தாம் வாங்கிக்கொண்டு, வளைகுச்சியால் தோலைத் தேய்க்கும் விதத்தை மட்டும் பையனுக்கு விட்டுவிடுவாராம். ஒரு வருஷம் கழித்து ஓர் ஆடித் திருவிழாவில் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். "எடுத்தது எனக்குத் தெரியவே இல்ல. சாமி ஊர்வலம் பாதி வந்தப்புறம் திரும்பிப் பாக்கறேன், எங்கப்பா அந்தாண்ட கூட்டத்துல நிக்கிறாரு."

ஹாம்ப்டனில் அந்தப் படத்தின் முன்னால் நான் நின்ற நேரம் முழுவதும் அந்த இடக் கையைப் பார்த்திருக்கிறேன், கண்டதில்லை.

அம்மா படத்தைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அவர் பார்த்தது கையை அல்ல, வெளிச்சத்தை. டானர் இந்தப் படத்தில் இரண்டு ஒளிகளை வைத்திருக்கிறார்: இடப்புறத்திலிருந்து வெளியுலகத்தின் குளிர்ந்த, நீலம் பாய்ந்த வெளிச்சம், வலப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத அடுப்பொன்றின் செந்நிறமான சூடு. இரண்டும் அந்த இருவர் மேல் வந்து சந்திக்கின்றன. இதைக் கலை விமர்சகர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை அந்திப்பொழுது என்றே எண்ணியிருந்தேன். "இல்லய்யா, இது விடியக்காலம்" என்றார் அம்மா, தீர்மானமாக. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பொழுது சாயற நேரத்துல பிள்ளை வீட்டுக்குள்ள நிக்குமா? திடல்ல ஆடிக்கிட்டிருக்கும். ஜன்னல்ல இந்த நீலம், அடுப்புல இந்தச் செவப்பு, ரெண்டும் சரிசமமா நிக்கிறது விடியக்காலத்துல கொஞ்ச நேரந்தான். நான் நாப்பது வருஷம் பாத்த வெளிச்சம்." சிறிது பொறுத்து, தரையிலிருந்த பாத்திரங்களைச் சுட்டி, "சமைச்சு முடிச்சாச்சு. வேலைக்குப் போறதுக்கு முன்னால கொஞ்சம் பிள்ளையோட உக்காந்திருக்காரு" என்று சேர்த்துக்கொண்டார்.

டானர் எந்த நேரத்தை உத்தேசித்தாரோ, நான் அறியேன். ஆனால் அன்று முதல் என்னைப் பொறுத்தவரை அந்தக் குடிசையில் விடிந்துகொண்டிருக்கிறது.

வெயில் தாழ்ந்த பின்பு கோல சிலாங்கூர் போய்ச் சேர்ந்தோம். சிலாங்கூர் நதி கடலோடு கலக்கும் முகத்தில், புக்கிட் மெலாவத்தி என்ற குன்று. 1784-இல் ஒல்லாந்தர் இதைப் பிடித்துத் தங்கள் தலைமை ஆளுநரான ஆல்ட்டிங்கின் பெயரைச் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே சிலாங்கூர் சுல்தான் மீட்டுக்கொண்டார். இப்போது பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி சும்மா இருக்கின்றன. வெள்ளி மயிர்க் குரங்குகள் தம் செம்பொன் நிறக் குட்டிகளை மார்பில் அணைத்தபடி யாத்திரிகர்களிடம் பயற்றங்காய் வாங்கித் தின்கின்றன. உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். அங்கிருந்து மேற்கே மலாக்கா நீரிணை, அதற்கப்பால் சுமத்ரா. நம் ஜனங்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கி, கங்காணியின் பின்னால் இந்த உள்நாட்டுக்கு நடந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. வந்தவர்களில் பலர் திரும்பிப் போவதாகவே எண்ணி வந்தவர்கள்.

அந்தக் குன்றின் மேல் நின்றபோது, புறப்பட்டு வந்தவன் விட்டுவந்த ஊரை எப்படித் தன்னோடு எடுத்துச் செல்கிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தோட்டத்திலும் பால்மரங்களுக்கு நடுவே முதலில் ஒரு கல், பிறகு ஒரு கூரை, பிறகு ஒரு மாரியம்மன், எல்லையில் முனீஸ்வரர், ஆடியில் தீமிதி, நாள்தோறும் கோலம். இவற்றை நாம் பக்தி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். இவை சித்திரங்களும் ஆகும் என்பது என் அபிப்பிராயம். தஞ்சைச் சீமையிலும் சேலத்துப் பக்கத்திலும் விட்டுவந்த வீட்டு வாசலை, கண்ணால் கண்டிராத பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, தூரிகை பிடிக்கத் தெரியாதவர்கள் தீட்டிய சித்திரங்கள். இப்போது அந்த லயங்களும் போய்விட்டன. லயத்தில் பிறந்தவர்கள் கோலாலம்பூரின் மாடிக் குடியிருப்புகளிலும், சிங்கப்பூரிலும், லண்டனிலும் இருக்கிறார்கள். பேராக் மாநிலத்துக் கிராமத்தில் பிறந்து நகரத்துக்கு வந்த லாட் என்ற சித்திரக்காரர் 1979-இல் 'கம்போங் பாய்' எழுதித் தம் மலாய்க் கிராமத்தை நாடு முழுவதற்கும் சொந்தமாக்கினார். பிரட்டுக் களத்து இருட்டையும் ஆயாக்கொட்டகையின் தூளி வரிசையையும் அதே பரிவோடு கோட்டில் காட்டுகிற கையை நான் ஆசையோடு எதிர்பார்க்கிறேன்.

டானர் இன்னும் ஒரே ஒரு பெரிய படத்தை அந்த வகையில் எழுதினார்: 1894-இல், 'நன்றியறிதலுள்ள ஏழைகள்'; ஒரு கிழவரும் ஒரு பையனும் உணவுக்கு முன் தலை குனிந்து பிரார்த்திக்கும் காட்சி. அதன் பின் பைபிள் கதைகளுக்குப் போய்விட்டார். பாலஸ்தீனத்துக்கு யாத்திரை செய்தார். அவருடைய 'லாஸரஸின் உயிர்த்தெழுதல்' படத்தை 1897-இல் பிரெஞ்சு அரசாங்கமே வாங்கிற்று. 1923-இல் அந்நாட்டின் உயரிய விருதும் கிடைத்தது. 1937-இல் பாரிஸிலேயே காலமானார். பிஷப்பின் மகன் வேதத்துக்குத் திரும்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தப் படங்களில் நிறைந்திருக்கும் ஒளியை நான் வணங்குகிறேன். ஆயினும் இரண்டோடு நின்றுவிட்டதே என்கிற ஏக்கம் எனக்குத் தீரவில்லை. எத்தனையோ அடுப்புகள் அவருக்காகக் காத்திருந்தன.

இரவு கம்போங் குவாந்தானில் படகேறினோம். துடுப்புப் படகு, இயந்திர ஓசை மின்மினிகளுக்கு ஆகாது. ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் அணைந்தும் எரிந்தும் நின்றன. மரம் முழுவதும் மூச்சு விடுவதுபோல இருந்தது. படகோட்டி பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. சின்னப் பையனாக இருக்கையில் தகப்பனாரோடு இந்த ஆற்றுக்கு மீன் பிடிக்க வந்ததாக நண்பர் கரையேறிய பிறகு சொன்னார். அன்று மின்மினியைப் பார்க்கக் காசு கொடுத்து யாரும் வரவில்லையாம்.

மறுநாள் காலை திரும்பும் வழியில் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய், படத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். நான் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர்களைப்போல் பார்த்தவர்களிடம் அது இருப்பதுதான் நியாயம் என்று தோன்றிற்று. பெரியவர் அதை முன்கூடத்தில், முருகன் நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி தேடினார். அம்மா கையிலிருந்த படத்தை ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்து, எங்களைச் சமையற்கட்டுக்கு அழைத்துப் போனார். இடப்புறம் சிறு ஜன்னல். அதன் வழியே விடிந்துகொண்டிருந்த வானம். வலப்புறம் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நடுச்சுவரில் இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, "இங்க மாட்டுங்க" என்றார்.